வேலுத்தாயின் ஒன்பது நிமிடங்கள்

என் விசிட்டிங் கார்டில் 'முதுநிலை சமிக்ஞைப் பொறியாளர்' என்று போட்டிருக்கும். கேன்டீனில் என் பெயர் வடிகட்டி. டீ மாஸ்டர் முதல் இயக்குநர் டாக்டர் தேவநாதன் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஆவுடையப்பன் என்று அப்பா ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்திருந்தது. கோபித்துக்கொள்ளவும் முடியாது. நான் செய்த வேலை அதுதான்.

எங்கள் 'அகவெளி' நிறுவனம் திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், ஒரு மாந்தோப்புக்கு நடுவில் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஆசிரமம், உள்ளே போனால் ஆய்வுக்கூடம். சிலருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உள்ளுக்குள் ஏதோ திறந்துகொள்கிறது. ஒருவருக்குக் கோயிலில், இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில். அதை அவர் நினைவுகூரும்போது மூளையில் ஓடுவதை ஒரு தொப்பி வழியாகப் பதிவு செய்து, அதே மாதிரித் தொப்பி மூலம் இன்னொருவர் தலைக்குள் ஓட்டுவது எங்கள் தொழில். தொப்பி போட்டவர் எதையும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. அது அவருக்கே நடக்கும். இரண்டு நாளில் கனவு மாதிரி மங்கிவிடும். அந்த இரண்டு நாளுக்காக மாந்தோப்பு வாசலில் கோயம்புத்தூர், பெங்களூர் கார்கள் வரிசை கட்டி நின்றன.

எனக்கு இதில் சொந்த அக்கறையும் இருந்தது. இருபது வருடமாக நான் தேடாத இடமில்லை. பத்து நாள் மௌனம், நாற்பது நாள் உபவாசம், மூச்சை இழுத்து மூச்சை விட்டு எத்தனையோ முகாம். முழங்கால் தேய்ந்ததும், எல்லாக் குருமார்களைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டதும்தான் மிச்சம். உள்ளே ஒரு பொறி கூடத் தட்டவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய்க் கை கழுவும் வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பவன் நிலைமை. நிறுவனத்தில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், காது கேட்கும் கருவி செய்யும் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தேன். காதுக் கருவியில் தெருச் சத்தத்தை நீக்கிப் பேச்சை மட்டும் கேட்க வைப்பேன். இங்கே ஒருவருடைய அனுபவத்திலிருந்து வயிற்றுப் பசி, முதுகுவலி, வீட்டுக் கவலை, பக்கத்து ரேடியோ எல்லாவற்றையும் நீக்கி, பேரமைதியை மட்டும் பாட்டிலில் அடைத்த தண்ணீர் போலத் தெளிவாக எடுத்துக் கொடுப்பேன்.

வேலுத்தாய் எங்களிடம் வந்தது ஒரு மருத்துவ முகாம் வழியாக. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் தொழிலாளர்களுக்கு இலவசமாக மன அழுத்தப் பரிசோதனை நடத்தினோம். அந்தச் சாக்கில் தொப்பி போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். என்னோடு வேலை பார்த்த நிலோஃபர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். நரம்பியல் படித்த பெண். முப்பது வயதிருக்கும். எதற்கும் லேசில் அசந்துபோக மாட்டாள்.

"சார், இதப் பாருங்க. இதுவரைக்கும் நாம பதிவு பண்ணினதெல்லாம் இதுக்கு முன்னால பொம்மை."

"யாரு? சாமியாரா?"

"ஸ்பின்னிங்ல வேலை பாக்குற அம்மா. அவங்களுக்கு இதுக்கு என்ன பேருன்னு கூடத் தெரியல."

அடுத்த புதன்கிழமை, மில்லில் அவருடைய வார விடுமுறை நாளில், வேலுத்தாய் பஸ் பிடித்து வந்தார். ஐம்பது வயதுக்கு மேல். கைத்தறிச் சேலை, கையில் ஒரு மஞ்சள் பை, புருவத்தில் இன்னும் போகாத பஞ்சு. என்னை முதலில் 'சார்' என்றார். நான் சங்கரன்கோவில் பக்கம் என்று தெரிந்ததும் 'தம்பி' ஆகிவிட்டேன். டாக்டர் தேவநாதன் அவரிடம் ஞானம், விழிப்பு என்றெல்லாம் பேச, அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது தம்பி. நடந்ததச் சொல்றேன். என் மக மஞ்சுளா. ஆறு வயசு. டெங்குல மூணே நாள்ல போயிட்டா. அடக்கம் முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். லீவு கெடையாது. நூல் அறுந்தா ஒட்டணும், அதான் என் வேலை. காலையில பதினோரு மணி இருக்கும். ஒரு நூல் அறுந்து போச்சு. கண்ணுல தண்ணி நிக்குது, நூலு தெரியல. கை அது பாட்டுக்கு ஒட்டுச்சு. அப்பத்தான் பாத்தேன், ஒட்டுறது யாருன்னு. யாருமே இல்ல தம்பி."

"யாருமே இல்லன்னா?"

"மிஷின் சத்தம் இருந்துச்சு. அழுகை இருந்துச்சு. புள்ள போனது இருந்துச்சு. அழுகுறவளத்தான் காணோம். எல்லாம் ஒண்ணாக் கெடந்துச்சு. மஞ்சுளாவும் அதுக்குள்ளயே இருந்தா. எங்கயும் போகல. சூப்பர்வைசர் வந்து தோளத் தட்டுற வரைக்கும் அப்படியே நின்னுருக்கேன்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "வெளிய சொன்னா சாமி வந்துருச்சும்பாக, இல்ல கிறுக்குப் புடிச்சிருச்சும்பாக. பத்தொம்பது வருசமா இத வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே கேள்விதான் கேட்டார். "இத எடுத்து யாருக்குக் குடுப்பீக?"

டாக்டர் சொன்னார்: "பிள்ளையைப் பறிகொடுத்தவங்க எத்தனையோ பேர் இங்க வர்றாங்கம்மா."

"அப்பச் சரி. எடுத்துக்கங்க."

நிலோஃபர் அவர் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து விதிகளை விளக்கினாள். "அம்மா, ஒரு நினைவை இந்த மாதிரி வெளிய எடுக்கும்போது அது ஈரக் களிமண் மாதிரி இளகிடும். ஆறு மணி நேரத்துக்குள்ள அதையே உங்களுக்குத் திரும்பப் போட்டுக் காட்டணும். அப்பத்தான் பழையபடி இறுகும்."

"காட்டலேன்னா?"

"கரைஞ்சு போயிடும்."

"அப்ப மறந்துறாதீக தாயி."

பதிவு காலை எட்டு மணிக்கு முடிந்தது. ஒன்பது நிமிடம். வேலுத்தாயைத் தோப்பில் நிழலாகப் பார்த்து உட்கார வைத்துவிட்டு, நான் என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அனுபவத்தை வரைபடத்தைப் பார்த்து மட்டும் வடிகட்ட முடியாது. தொப்பியை நானே மாட்டிக்கொண்டு, எங்கே என்ன கலந்திருக்கிறது என்று உள்ளே இருந்து பார்க்க வேண்டும். சமையல்காரன் ருசி பார்ப்பதைப் போல.

முதல் தடவை முடிந்ததும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்குக் குழந்தைகள் இல்லை. ஆனால் என் மகள் செத்துப்போயிருந்தாள். அந்த அழுகையும் அழுகையாக இருந்ததே ஒழிய என்னுடையதாக இல்லை. 'நான்' என்று இருபது வருடமாக எதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தேனோ, அந்த இடம் காலியாக இருந்தது. அப்படியே மறுபடி ஓட்டினேன். பிறகு மறுபடியும். பதினொரு முறை ஓட்டினேன். வேலைக்காக என்று சொல்லிக்கொண்டேன். வேலைக்கு மூன்று முறை போதும்.

பிறகு வடிகட்ட உட்கார்ந்தேன். இயந்திர இரைச்சலை எடுத்தேன். பஞ்சுத் தூசியின் எரிச்சலை எடுத்தேன். கால் வலியை எடுத்தேன். கடைசியாக அந்தத் துக்கம். அடியில் கனமாக, கறுப்பாக, தொடர்ச்சியாக ஓடியது. என் பயிற்சி அதைக் குறுக்கீடு என்றது. நானும் அதைக் குறுக்கீடு என்றுதான் நம்பினேன். அதையும் எடுத்ததும் பதிவு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு சுத்தமான அமைதியை நான் அதற்கு முன் செய்ததே இல்லை. பெருமையில் விசிலடித்தேன்.

மணி ஒன்று. வேலுத்தாய்க்குத் திரும்பப் போட்டுக் காட்ட வேண்டிய நேரம். கணினியில் இரண்டு கோப்புகள் இருந்தன. கச்சா, சுத்தம். கச்சாவைத்தான் போட வேண்டும் என்பது விதி. என் விரல் அதன் மேல்தான் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் மாமரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாவம், இந்தப் பெண்ணுக்கு அந்தப் பிள்ளைச் சாவை மறுபடி எதற்குக் கொடுப்பது? பத்தொன்பது வருடம் சுமந்தது போதாதா? நல்லதைக் கொடுப்போமே. யாரையும் கேட்கவில்லை. சுத்தமானதைப் போட்டேன்.

தொப்பியைக் கழற்றியபோது அவர் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. "நல்லாருக்கு தம்பி" என்றார். நான் அவரை பஸ் ஸ்டாப் வரை கொண்டுபோய் விட்டேன். சொந்தங்களின் அந்தரங்கம் கலந்திருப்பதால் கச்சாப் பதிவை அன்று மாலையே அழித்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மஞ்சள் பையோடு வந்து நின்றார்.

"என்னமோ கொறையுது தம்பி."

"என்னக்கா, தலைவலி ஏதும் இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கேன். அதான் பயமா இருக்கு. மஞ்சுளாவ நெனச்சா ஒண்ணும் வரல. அழுகை வரல. முன்னெல்லாம் மிஷின்கிட்டப் போய் நின்னாப் போதும், அவ அங்க இருப்பா. இப்ப மிஷின் இருக்கு. நான் இருக்கேன். அமைதியா இருக்கு. அவளக் காணோம்." என் முகத்தையே பார்த்தார். "அன்னிக்கு எடுத்தீகல்ல, அதத் திரும்ப ஒரு தடவ போட்டு விடுங்களேன்."

அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. கச்சா இல்லை என்று சொன்னேன். சுத்தமானதை மறுபடி போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாக ஒன்பது நிமிடம் உட்கார்ந்து, "இது இல்ல தம்பி" என்று எழுந்து போனார்.

அடுத்த புதனும் வந்தார். அதற்கடுத்த புதனும். "தேடிப் பாத்தீகளா?" என்பார். "பாத்துக்கிட்டிருக்கோம்க்கா" என்பேன். கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நிலோஃபர்தான் ஒரு நாள் கேன்டீனில் டீ டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள். "சார், வேலுத்தாயம்மா ஃபைல நீங்க எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க?"

"ஏன்? வழக்கம்போல."

"கம்ப்யூட்டர் லாக்ல பதினொண்ணுன்னு இருக்கு. ஒரு தடவை பாத்தா ரெண்டு நாள்ல மங்கிடும். பதினோரு தடவை பாத்தா மங்காது. அது உங்க சொந்த நினைவா இறுகியிருக்கும். கச்சாவாவே." குரலைத் தாழ்த்தினாள். "அது அழியல சார். உங்ககிட்ட இருக்கு. உங்கள உட்கார வச்சு எடுத்து அவங்களுக்குப் போட்டா என்ன?"

என்னிடம் இருந்ததுதான். அவள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். காலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால் இயந்திர இரைச்சல் கேட்கும், துக்கம் வரும், பின் துக்கப்படுகிறவன் இல்லாமல் போவான். சிடுசிடு மனிதனான நான் சாந்தமாகிவிட்டதாக என் மனைவியே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இருபது வருடம் தேடியது கடைசியில் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. எடுத்தால் இளகும். இன்னொருவர் வழியாக எடுத்ததைத் திரும்பப் போட்டால் எப்படி இறுகும் என்று யாருக்கும் தெரியாது. போய்விட்டால்?

"அது என் மூளை வழியா வடிஞ்ச சரக்கு நிலோ. என் சமாச்சாரமெல்லாம் கலந்திருக்கும். நோயாளிக்கு இன்னும் கெடுதல் ஆயிட்டா? நெறிமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல."

"சரி சார்" என்றாள். டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

நெறிமுறை என்ற சொல்லை நான் அவ்வளவு அவசரமாக எப்போதும் தேடியதில்லை. அதன் பிறகு புதன்கிழமைகளில் மாடி ஜன்னலில் நின்று, வாசலில் மஞ்சள் பை தெரிந்தால் பின்பக்கமாகப் போய்விடப் பழகினேன். வரவேற்பில் இருப்பவர்கள், "சார் மீட்டிங்ல இருக்காரும்மா" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். இப்படி இரண்டு வருடம். காலையில் ஞானம், புதன்கிழமை ஓட்டம். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். உறைத்தது. பழகிவிட்டது.

கடைசியாக அவர் என்னைப் பிடித்தது வாசலில் இல்லை, திருவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில். பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்பினேன், எதிரே நின்றார். ஒளிய இடமில்லை.

"உங்களப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன். இனிமே வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போலாம்னு."

"ஏன்க்கா?"

"மஞ்சுளா யூனிஃபார்ம் ஒண்ணு டிரங்குப் பெட்டியில வச்சிருந்தேன். ஒண்ணாங்கிளாஸ் யூனிஃபார்ம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அளவு சரியா இருந்துச்சு, குடுத்துட்டேன். அது போட்டுக்கிட்டு ஓடுது, வாசல்ல நின்னு பாக்குறேன்." குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "ஒண்ணுமே தோணல தம்பி. அவ செத்தப்பக் கூட எனக்கு இப்படி அவ இல்லாமப் போகல."

நான் பால்கோவாப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை நலம் விசாரித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

மறு புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நிலோஃபர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவள் ஏன் இப்போது என்று கேட்கவில்லை. தொப்பியை மாட்டினாள். ஒன்பது நிமிடம். "மத்தியானம் ஒரு மணிக்குள்ள உங்களுக்கும் திரும்பப் போட்டுக்கங்க" என்றாள். கையடக்கத் தொப்பியையும் பதிவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் லைன் வீடுகள். வேலுத்தாய் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அக்கா, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணுல ஒரு காப்பி கெடைச்சிருச்சு. உங்க ஒரிஜினல்."

"நெசமாவா?" அவர் முகத்தில் வந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, கொண்டையை அவிழ்த்து, தொப்பியைத் தானே வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஒன்பது நிமிடம் நான் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தேன். நடுவில் ஒருமுறை அவர் புருவம் சுருங்கியது. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது என்னுது இல்லயே தம்பி."

"உங்களுதுதான்க்கா."

"மிஷின் சத்தம் வருது. புள்ளையும் வர்றா. ஆனா அடுத்த வீட்டுப் புள்ளயப் பாக்குற மாதிரி, எட்ட நிக்கிறா. அதுக்கு அடியில ஒரு பயம் கெடக்கு. எனக்கு இல்லாத பயம். மாடி ஜன்னல்ல நின்னு எட்டிப் பாக்குற பயம். மஞ்சப் பையக் கண்டதும் நெஞ்சு அடிக்குது. பின்னாடி வழியாப் போகுது."

தொப்பி எதையும் சொல்லாது, அப்படியே நடக்க வைக்கும் என்று எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். நான் ஒளிந்த ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தப் பதிவில் ஊறியிருந்தது. நான் வாயைத் திறந்து ஒப்புக்கொள்ள எதையும் மிச்சம் வைக்காமல், அவர் என் உள்ளே இருந்தே பார்த்துவிட்டார்.

"ரெண்டு வருசமா உங்ககிட்டயா இருந்துச்சு?"

"ஆமாக்கா."

அவர் கத்தவில்லை. திட்டவில்லை. முறத்தை எடுத்து மடியில் வைத்து, அரிசியில் கிடந்த இரண்டு கல்லைப் பொறுக்கி வெளியே போட்டார். பிறகு கேட்டார்.

"நீங்க மொதல்ல பாத்தப்ப இந்தப் பயம் இல்லல்ல?"

"இல்லக்கா. அப்ப சுத்தமா உங்களுது மட்டும்தான்."

"அப்ப அது எப்படி இருந்துச்சு? வாயாலயே சொல்லுங்க. கேக்குறேன்."

சொன்னேன். பதினோரு மணி வெயில் மில் கூரையின் கண்ணாடி வழியாக விழுந்ததைச் சொன்னேன். நூல் அறுந்ததையும், கண்ணீரில் அது இரண்டாகத் தெரிந்ததையும், கை தானாக ஒட்டியதையும் சொன்னேன். அழுகை இருந்தது, அழுகிறவள் இல்லை என்றேன். மஞ்சுளா அந்தச் சத்தத்திலும் தூசியிலும் எங்கும் பரவி, எங்கும் போகாமல் இருந்தாள் என்றேன். சொல்லச் சொல்ல அது எனக்குள்ளும் வெறும் சொல்லாக மாறிக்கொண்டிருப்பது தெரிந்தது. மதியம் ஒரு மணிக்குள் எனக்கு நானே அதைப் போட்டுக்கொண்டிருக்கலாம். போட்டுக்கொள்ளவில்லை. இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் எட்டிப் பார்த்த பிறகு, எனக்கே அதற்குள் போக வெட்கமாக இருந்தது.

வேலுத்தாய் முகவாயில் கை வைத்து, ஒரு சொல் விடாமல் கேட்டார். ஊர்ப் பெண்கள் எங்கோ தூரத்தில் யாருக்கோ நடந்ததைக் கேட்கும் முகம் அது. நான் முடித்ததும் பெருமூச்சு விட்டார்.

"கொடுத்து வச்சவ தம்பி, அந்தப் பொம்பள" என்றார். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உலை வைக்க உள்ளே போனார்.